லைசின்: ஒரு வெள்ளைப் பொடி பூனைத் தட்டுக்கு வந்த கதை

பூனைக்கு வாய் முழுக்கப் புண். ஈறு சிவந்து வீங்கியிருக்கு, எச்சில் வடியுது, பசியோட தட்டுக்கிட்ட வந்து மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகுது. இதுக்கு என்ன கொடுக்கலாம்னு கேட்டா, பல பேர் சொல்ற பேரு லைசின். சாப்பாட்டுல கலந்து கொடுக்குற ஒரு அமினோ அமிலம். இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சு? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

கதை பூனையில ஆரம்பிக்கல, மனுஷங்க உதட்டுல ஆரம்பிக்குது. 1964-ல் டாங்கர்ஸ்லி என்ற ஆய்வாளர், மனித செல்களில் ஹெர்பிஸ் வைரஸை வளர்த்து, அதற்கு எந்தெந்த அமினோ அமிலங்கள் தேவை என்று பார்த்தார். ஆர்ஜினின் இல்லையென்றால் வைரஸ் பெருகத் திணறியது. லைசினும் ஆர்ஜினினும் உடம்பில் ஒன்றோடு ஒன்று போட்டி போடுபவை. அப்போ லைசினை அதிகமாக்கினா ஆர்ஜினின் குறையும், வைரஸ் பட்டினி கிடக்கும். கேட்க எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! 1978-ல் உதட்டுப் புண் வரும் மனிதர்களுக்கு லைசின் கொடுத்துப் பார்த்து, பலன் இருப்பதாக ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் மாத்திரை சாப்பிட்ட குழு எதுவும் அதில் இல்லை.

பூனைகளுக்கென்று தனி ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. 1958-ல் அமெரிக்காவில் கிராண்டெல், மாரெர் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். சளி, கண் வீக்கம், சில சமயம் வாய்ப்புண் என்று படுத்தும். 2000-ல் டேவிட் மேக்ஸ் என்ற கால்நடைக் கண் மருத்துவரும் அவருடைய குழுவும் இந்த வைரஸை ஆய்வகத்தில் வளர்த்து லைசினைச் சோதித்தார்கள். வைரஸ் குறைந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சுற்றியுள்ள திரவத்தில் ஆர்ஜினின் மிக மிகக் குறைவாக இருந்தால் மட்டும்.

இங்கதான் கதையில திருப்பம். அதே 1978-ல், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ், ரோஜர்ஸ் இருவரும் வேறொரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆர்ஜினின் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்தாலே, சில மணி நேரத்தில் பூனையின் ரத்தத்தில் அமோனியா ஏறிவிடும். கறி தின்னும் பிராணிக்குப் புரதத்திலிருந்து அமோனியா வந்துகொண்டே இருக்கும். அதை யூரியாவாக மாற்ற ஆர்ஜினின் வேண்டும். பூனை உடம்பால் அதைத் தேவையான அளவு தானே செய்துகொள்ள முடியாது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. லைசின் ஆர்ஜினினைக் குறைக்கலைன்னா, கொடுத்துப் பயனில்லை. வைரஸைத் திணறடிக்கிற அளவுக்குக் குறைச்சா, பூனைக்கே ஆபத்து. சாஃப்ட்வேர்ல டெஸ்ட் சர்வர்ல ஓடினதை, புரொடக்‌ஷன்ல என்ன இருக்குன்னு பார்க்காமலே ஏத்திவிடுற மாதிரிதான் இது.

2004-ல் மேக்ஸும் ரோஜர்ஸும் சேர்ந்தே ஒரு ஆய்வில் இடம்பெற்றார்கள். லைசினை எக்கச்சக்கமாகக் கொடுத்தும் பூனைகளின் ரத்தத்தில் ஆர்ஜினின் குறையவில்லை. 2007-லும் 2009-லும் மேக்ஸ் குழு, கூட்டமாக வாழும் பூனைகளுக்கு லைசின் கலந்த உணவு கொடுத்தது. நோய் குறையவில்லை, சிலவற்றுக்குக் கூடுதலாகவே இருந்தது. தன் யோசனைக்கு எதிராக வந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார் மனுஷன், அதுக்கு ஒரு சல்யூட். 2015-ல் போல், பன்னிக் என்ற இருவர் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, பூனைகளுக்கு லைசின் கொடுப்பதை உடனே நிறுத்தச் சொன்னார்கள்.

அப்புறம் ஏன் இன்னும் விக்குது? ஹெர்பிஸ் வந்து வந்து தானாகவே அடங்கும். அடங்கும்போது கிண்ணத்துல எந்தப் பொடி இருக்கோ, பேர் அதுக்குப் போயிடும்.

நாள்பட்ட வாய் அழற்சி அப்படி அடங்குறது இல்லை, பிரச்சினையே அதுதான். அதோடு அதிகம் தொடர்புபடுத்தப்படுவது ஹெர்பிஸ் அல்ல, கேலிசி என்ற வேறொரு வைரஸ். கூடவே பூனையின் சொந்த எதிர்ப்புச் சக்தியே வாயைத் தாக்குகிறது. கேட்கச் சங்கடமா இருந்தாலும், நல்ல பலன் காட்டிய வழி பல்லைப் பிடுங்குவது. 1997-ல் பிரான்ஸில் என்னே என்ற பல் மருத்துவர் அப்படிச் சிகிச்சை செய்த 30 பூனைகளில் 60 சதவீதம் குணமாயின, இன்னொரு 20 சதவீதம் நன்றாகத் தேறின. 2015-ல் 95 பூனைகளைப் பார்த்த ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குக்கு நல்ல முன்னேற்றம்.

எல்லாப் பொடியும் ஒண்ணுன்னு நான் சொல்லல. 1996-ல் ஜப்பானில், பாலில் உள்ள லாக்டோஃபெரின் என்ற புரதத்தை வாய் அழற்சி உள்ள பூனைகளுக்கே நேராகக் கொடுத்துப் பார்த்தார்கள், வலி குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனா சோதிச்சது சரியான நோயை, சரியான பிராணியில.

ஒரு டப்பா லைசின் பெரிய செலவில்லை. அந்த டப்பா தீர்ற வரைக்கும் பார்ப்போம்னு நாம காத்திருக்குற மாசங்கள்ல, அந்தப் பூனை ஒவ்வொரு வேளையும் வலியோடதான் சாப்பிடுது. அதனால அடுத்த தடவை ஒரு சப்ளிமெண்ட் டப்பாவைக் கையில எடுக்கும்போது, இதை யாரோட உடம்புல, எந்த நோய்க்குச் சோதிச்சாங்கன்னு உங்க கால்நடை மருத்துவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.