பாண்டி பஜாரில் இடம் இருந்தது

பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமே இல்லைங்க. நீதிக்கட்சித் தலைவர் சௌந்தரபாண்டியன் பெயரில் வந்ததுதான் இந்தப் 'பாண்டி'. தியாகராய நகரில் உள்ள இந்தக் கடைத்தெருவுக்கு நான் சின்ன வயசிலிருந்து போகிறேன். அப்போதெல்லாம் நடைபாதை முழுக்க வளையல், ஹேர்பின், செருப்புக் கடைகள், இடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்.

நடக்க இடமில்லை என்று 2013-ல் அந்த வியாபாரிகளை மாநகராட்சியின் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். சீர்மிகு நகரத் திட்டத்தில் சாலையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தார்கள். இப்போ தாராளமா நடக்கலாம், உட்காரலாம். நல்ல வேலைதான், மறுக்கவில்லை.

ஆனா வரிசையைப் பாருங்க. முதலில் கடையை எடுத்தோம். ஆறு வருஷம் கழிச்சுத்தான் காரிடமிருந்து இடத்தை வாங்கினோம். முதலில் காரைக் கேட்டிருந்தால்? போகிற வழியில் கண்ணில் பட்டால்தான் வளையல் விற்கும். அதுக்காக யாரு மாடி ஏறுவா?