கிராதிக்கு அந்தப் பக்கம்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சபையின் ஐக்கியத்தை அளக்க நினைப்பவர் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. வீட்டு நாய் யாரைக் கண்டு குரைக்காமல் இருக்கிறது என்று பார்த்தால் போதும். எங்கள் வீட்டு மணி செவலை நிறத்து நாட்டு நாய். சபை ஐயரின் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். எழுந்து போய்க் கேட்டருகே நிற்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கைப்பிடி அரிசிக் காணிக்கை வாங்க வந்தால் தலையைக்கூடத் தூக்காது. மின்சாரக் கணக்கெடுக்க வருகிறவர் இத்தனை வருஷமாக வந்தும் அதன் நல்லெண்ணத்தைப் பெறவில்லை.

சபை ஐக்கியத்தைப் பற்றி எழுதச் சொன்ன மலர்க் குழுவினர் நாயை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிரதிஷ்டை, கோபுரம், குருவானவர்களின் வரிசை என்று எழுதுவதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள். ஐக்கியம் என்பது பெரும்பாலும் ஆலயத்துக்கு வெளியே, முற்றத்திலும் தாழ்வாரத்திலும் நடக்கிற காரியம். அங்கே நாய்க்கும் இடம் உண்டு.

வீட்டு ஜெபக்கூட்டத்தையே பாருங்கள். வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். அவற்றின் நடுவே மணி படுத்துக்கொள்ளும். பாட்டுக்கு ஒரு காது அசையும். தனி ஜெபம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய், ஊரில் நோயாய்க் கிடக்கிற எல்லோர் பெயரும் வரும்வரை நீண்டாலும் அது அசையாது. ஆனால் எல்லாரும் ஒரே குரலாகப் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கியதும் எழுந்து, உடம்பை நெட்டி முறித்து, அடுக்களை வாசலுக்குப் போய்விடும். ஒரே குரல் கேட்டால் அடுத்தது வடையும் காப்பியும் என்பது அதற்குத் தெரியும். எங்கள் ஆராதனை முறைமையை இவ்வளவு சுருக்கமாக விளங்கிக்கொண்டவர்கள் குறைவு.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பினால் கதை வேறு. நடுநிசிக்கு மேல் டிரம்மும் கித்தாருமாக வாலிபர் கூட்டம் தெருவுக்குள் நுழையும்போது, ஊர் நாய்கள் அத்தனையும் பாடகர் குழுவில் சேர்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடியைக் கண்டால் மணிக்கு ஆகாது. உள்ளே இருப்பவன் தினமும் அதற்குப் பிஸ்கட் போடுகிற அடுத்த வீட்டுப் பையன்தான். அவன் பஞ்சுத் தாடியைக் கழற்றிக் காட்டிய பிறகே வால் ஆடும். அதன் பிறகுதான் இரண்டாம் பாட்டு.

வேதாகமம் நாயிடம் தாராளமாக நடந்துகொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது அதை எச்சரிக்கைச் சொல்லாகவே பயன்படுத்துகிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் நாய்கள் நகரத்துக்குப் புறம்பே நிற்கின்றன. ஆனாலும் லூக்கா 16-இல் ஐசுவரியவானின் வாசலில் கிடந்த லாசருவிடம் வந்து, அவன் பருக்களை நக்கியவை நாய்கள்தான். வீட்டுக்குள் இருந்த மனிதர் யாரும் வரவில்லை. கத்தோலிக்கச் சகோதரர்களின் வேதாகமத்தில் உள்ள தோபித்து நூலில், இளைஞன் தோபியா இரபேல் தூதனோடு தொலைதூரம் போகிறான். அவர்களுடன் ஒரு நாயும் புறப்படுகிறது, திரும்பும்போதும் கூடவே வருகிறது. கதையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா கூட வருகிறது. வேலையில்லாமல் கூட வருவதுதான் ஐக்கியத்தில் பாதி என்பது என் எண்ணம்.

மேஜையும் நாயும் சேரும் இடம் மாற்கு 7, மத்தேயு 15. மகளுக்காக மன்றாடிய புறஜாதிப் பெண், பிள்ளைகளின் அப்பத்தைப் பற்றிய கடுமையான பதிலைக் கேட்டும் பின்வாங்கவில்லை. மேஜைக்குக் கீழே விழும் துணிக்கை நாய்க்குரியது அல்லவா என்று அந்தப் பதிலிலிருந்தே தன் வழக்கை எடுத்து வாதாடி வென்றாள். சுவிசேஷங்களில் இயேசுவோடு வாதிட்டு வென்றவர் இவள் ஒருத்திதான் என்று சொன்னாலும் தகும்.

ஓவியர்கள் இந்த மேஜையடியை மறக்கவில்லை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கோசிமோ ரொசெல்லி வரைந்த கடைசி இராப்போஜனத்தில், முன்தரையில் நாயும் பூனையும் இருக்கின்றன. வெனிஸ் நகரத்து வெரொனேசே இப்படிப்பட்ட படத்துக்காக விசாரணைக் கூண்டிலேயே ஏறினார். ஏறக்குறைய 13 மீட்டர் அகலத்தில் அவர் தீட்டிய கடைசி இராப்போஜனத்தின் முன்னணியில் ஒரு நாய் அமர்ந்திருக்கிறது. 1573 ஜூலை 18 அன்று சமய விசாரணை மன்றம் அவரை அழைத்து, கோமாளி ஏன், குடிகாரர் ஏன் என்றெல்லாம் கேட்டது. நாய் இருக்கும் இடத்தில் மகதலேனா மரியாளை வரைந்திருக்கலாமே என்ற பேச்சும் எழுந்தது. படத்தைத் திருத்த மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். வெரொனேசே தலைப்பை மாற்றி, லேவி வீட்டு விருந்து என்று எழுதிவிட்டார். நாய் இன்றும் வெனிஸ் அக்காதெமியாவில் அதே இடத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் நாய்கள் படத்தோடு நிற்கவில்லை, எஜமானர்களோடு கோவிலுக்கே வந்தன. அவற்றை விரட்டுவதற்கென்று பல பங்குகளில் சாட்டையும் சம்பளமுமாக ஓர் ஆளே இருந்தார். வேல்ஸில் கிளினோக் வாவ்ர் ஆலயத்தில், சண்டையிடும் நாய்களைக் கவ்வி வெளியே இழுக்கும் நீண்ட இடுக்கி ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அதில் 1815 என்று பொறித்திருக்கிறது. பேராயர் லாட் காலத்தில் திருப்பீடத்தைச் சுற்றிக் கிராதி போடச் சொன்னார்கள். 1636-இல் நாரிச் அத்தியட்சர் ரென் தம் மறைமாவட்டத்துக்கு விதித்த கட்டளை, கம்பங்கள் நாய் நுழைய முடியாதபடி நெருக்கமாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. மிஷனெரிகள் இங்கே ஆலயம் கட்டியபோது அந்தக் கிராதியும் கப்பலேறி வந்தது. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் யாரும் அதைக் கழற்றவில்லை. திருவிருந்துக்கு நாம் முழங்காலிடுவது அதன் முன்னேதான்.

வேடிக்கை என்னவென்றால், முழங்காலிடுமுன் நாம் சொல்லும் தாழ்மையின் ஜெபத்தில், மேஜையின் கீழ் விழும் துணிக்கையைப் பொறுக்கவும் தகுதியில்லாதவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். 1548-இல் இங்கிலாந்துப் பேராயர் கிரான்மரின் திருவிருந்து முறைமையில் வந்த ஜெபம் அது. அதன் துணிக்கை அந்தப் புறஜாதிப் பெண்ணிடமிருந்து வந்தது. நாயின் இடத்தில் நின்று ஜெபிக்கிறோம், நாய்க்காகப் போட்ட வேலியில் கை வைத்துக்கொண்டு.

கிராதி நாயைத்தான் மறித்தது. மனிதரை மறித்தது வேறு. சாதிக்கொரு பக்கமாக உட்கார்வதும், திருவிருந்துக்குச் சாதி வரிசைப்படி வருவதும் சபைகளில் நெடுநாள் நடந்தன. அது உடனே, முடிவாக ஒழிய வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் முரண்டினார்கள். இதனாலேயே சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பந்தியை நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டுக்கு வீடு வந்த அரிசி ஒரே அண்டாவில் வேகிறது. யார் வீட்டு அரிசி யார் இலையில் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் யார் உட்காருவார் என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. குழம்பு வாளியோடு ஓடி வருகிறவர் வங்கி மேலாளராக இருப்பார். அதட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர் கிளையில் கடனுக்கு நிற்கிறவராக இருப்பார். மதிலுக்கு வெளியே எச்சிலிலைக் குழியருகே ஊர் நாய்கள் காலையிலிருந்தே காத்திருக்கும். அவை ஒன்றையொன்று கடிக்காமல் சாப்பிடுகிற நாள் ஆண்டில் அது ஒன்றுதான், அவ்வளவு மிச்சம் விழும்.

கத்தோலிக்க ஊர்களில் ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாளில் கால்நடைகளை மந்திரிக்கிறார்கள். அக்டோபர் 4 அசிசி பிரான்சிஸின் நாளில் உலகில் பல சபைகள் வளர்ப்புப் பிராணிகளை ஆலயத்துக்கே வரவழைக்கின்றன. நம் சபை அவ்வளவு தூரம் போகுமா என்று தெரியவில்லை. பாடகர் குழுவின் எதிர்ப்பு பலமாக இருக்கும். ஆனால் லூயி பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி தினம். தென்னிந்தியத் திருச்சபை பிறந்த நாளுக்கு மறுநாள். அந்த வாரத்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அரசு கால்நடை மருத்துவரை அழைத்து, வேப்பமரத்தடியில் ஊர் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போடலாம். வாலிபர் சங்கம் பிடித்துக் கொடுக்கட்டும், பெண்கள் ஐக்கிய சங்கம் பெயரெழுதட்டும். மணியை நானே கொண்டுவருகிறேன். பூனைகளை மட்டும் வேறொரு ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.