சுற்றிக் காட்டும் படங்களின் கதை



ஒரு பித்தளைச் செம்பை மேசைமேல் வைத்து, பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி 36 படம் எடுத்து, அவற்றை வரிசையாகக் கணினியில் ஓட்டினால் செம்பு தானாகச் சுற்றும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கற்றுக்கொள்பவர்கள் பலரும் ஆரம்பத்திலேயே செய்து பார்க்கிற பயிற்சி. இணையக் கடைகளில் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் விரலால் தள்ளித் திருப்பிப் பார்க்கிறோமே, அதிலும் பெரும்பாலும் இதே வித்தைதான். புது மென்பொருள் கொடுத்த வசதி என்று நினைத்தால் தப்பு. இதற்கு வயது 150-க்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கதையில் நம்ம ராஜபாளையத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

1865 வாக்கில் பாரிஸில் நதார் என்று ஒரு புகைப்படக்காரர். (எழுத்துக்கூட்டிப் படித்தால் நம்ம மாவட்டத்துக்காரர் பெயர் மாதிரியே இருக்கும். ஆனால் சுத்தமான பாரிஸ்காரர், அது புனைபெயர்.) 1858-ல் பலூனில் ஏறி வானத்திலிருந்து படம் எடுத்த துணிச்சல்காரர். அவர் தன்னையே 12 படங்களாக எடுத்துவைத்தார். ஒவ்வொன்றிலும் உடம்பு கொஞ்சம் திரும்பியிருக்கும். முகம், பக்கவாட்டு, முதுகு, மறுபடி முகம். அதே ஊரில் வில்லெம் என்ற சிற்பி இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார். வட்டமான அறையின் நடுவில் ஆளை நிறுத்தி, சுற்றிலும் 24 கேமராக்களை 15 டிகிரிக்கு ஒன்றாக வைத்து, ஒரே நேரத்தில் எடுத்தார். அந்த 24 உருவக்கோடுகளையும் களிமண்ணில் செதுக்கினால் ஆளுடைய சிலை ரெடி. இன்றைக்குப் படங்களிலிருந்து முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருள்களுக்கு அவரைத்தான் தாத்தா என்று சொல்ல வேண்டும்.

படங்களை ஓட்டிக் காட்டும் கருவி இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. 1832-ல் பெல்ஜியத்தில் பிளாட்டோ, வியன்னாவில் ஸ்டாம்ப்ஃபர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே இரண்டு பேரும் ஒரே பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வட்ட அட்டை, அதில் வரிசையாகப் படங்கள், நடுநடுவே கீறல். அட்டையைச் சுற்றிவிட்டு, கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தைக் கீறல் வழியாகப் பார்த்தால் படம் அசையும். அப்போது புகைப்படம் பழக்கத்துக்கு வரவில்லை, கையால் வரைந்த படங்கள்தான். ஸ்டாம்ப்ஃபர் தன் கருவிக்கு வைத்த பெயரில் ‘ஸ்ட்ரோப்’ என்ற சொல் இருந்தது.

ஸ்ட்ரோப் என்றதும் நம்ம ஊர் மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு ஊரைச் சுற்றி எத்தனையோ நூற்பாலைகள் வந்தன. ரிங் பிரேமில் ஒரு கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றும். கண்ணுக்கு வெறும் புகை மாதிரிதான் தெரியும். அது சரியான வேகத்தில் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற விளக்கை அதன்மேல் அடிப்பார்கள். கதிர் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் விளக்கும் ஒரு தடவை மின்னினால், கதிர் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருக்கும்! ஒரு கதிருக்கு மட்டும் நாடா தளர்ந்து வேகம் குறைந்திருந்தால், மற்றதெல்லாம் நிற்க, அது மட்டும் மெதுவாகப் பின்னோக்கி நகரும். உடனே பிடித்துவிடலாம்.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நாம் நிற்கிற செம்பைப் படங்களால் சுற்ற வைக்கிறோம். மில்லில் சுற்றுகிற கதிரை வெளிச்சத்தால் நிறுத்திவைக்கிறார்கள். இரண்டுக்கும் கணக்கு ஒன்றேதான். நம்பிக்கை இல்லாதவர்கள் நான்கு இறக்கையும் ஒரே மாதிரி இருக்கும் ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி வீதம் திருப்பிப் படம் எடுத்தால் ஃபேன் அசையவே அசையாது. 80 டிகிரி வீதம் எடுத்தால் 10 டிகிரி வீதம் பின்னோக்கிச் சுற்றும். சினிமாவில் கார் சக்கரம் பின்னால் சுற்றுகிற மாதிரி தெரிவதும் இதனால்தான். அதனால்தான் சின்னச் சின்னக் கோணமாகத் திருப்பச் சொல்கிறார்கள்.

சினிமாப் பக்கம் போனால் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். 1878-ல் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையை எடுத்தார். 1912-ல் நம்ம பால்கே ஒரு பட்டாணி விதையை முளைக்கவிட்டு, விட்டு விட்டு ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்து, செடி கண்ணெதிரே வளர்கிற மாதிரி காட்டினார். அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பணம் போட ஆள் கிடைத்தது, அடுத்த வருடமே ‘ராஜா ஹரிச்சந்திரா’. 1999-ல் ‘மேட்ரிக்ஸ்’, 2003-ல் ஷங்கரின் ‘பாய்ஸ்’ படத்துப் பாட்டு. ஆள் அந்தரத்தில் நிற்க, நாம் அவரைச் சுற்றி வருவோமே, அது வில்லெமின் வட்ட அறைதான், பணம்தான் கூட.

இனி கொஞ்சம் வருத்தமான விஷயம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993-ல் கோசா என்ற சின்ன நிறுவனத்தில் பிறந்தது. அதே வருடம் ஆல்டஸ் வாங்கியது, அடுத்த வருடம் ஆல்டஸையே அடோபி வாங்கியது. அது பிழைத்துக்கொண்டது. 1995-ல் ஆப்பிள் கொண்டுவந்த குயிக்டைம் விஆர் அப்படிப் பிழைக்கவில்லை. ஒரு பொருளைச் சுற்றிலும் எடுத்த படங்களை ஒரே கோப்பாகக் கட்டி, மவுஸால் இழுத்துத் திருப்பலாம். அருங்காட்சியகங்கள் எல்லாம் ஆசையாகப் பயன்படுத்தின. இன்று அந்தக் கோப்பைத் திறப்பதே பெரும்பாடு. பிறகு ஃபிளாஷில் செய்தார்கள். 2020 கடைசியோடு ஃபிளாஷும் போய்விட்டது. ஆனால் நதாரின் 12 படங்களை யாரோ புண்ணியவான் வரிசையாக ஒட்டி ஜிஃப் ஆக்கிவிட, 1910-ல் இறந்த மனிதர் இன்றும் இணையத்தில் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கிறார். 1995-ல் கட்டிய கோப்பு திறக்கவில்லை, 1865-ல் எடுத்த படம் சுற்றுகிறது! காரணம் ரொம்ப சாதாரணம். அவை தனித்தனிப் படங்களாக இருந்தன.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் கண். தினமும் புதிதாகச் செய்கிறார்கள், சில மணி நேர வேலை. மறுநாள் அது பிரசாதமாக ஒரு பக்தர் வீட்டுக்குப் போய், வாடிவிடும். முன்னாலிருந்து எடுத்த படங்கள் நிறையக் கிடைக்கும். வாலை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், இறக்கை முதுகில் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் சுற்றிவந்தால்தான் தெரியும். சுற்றிக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் நம்ம பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோயிலுக்குள் கேமரா வேண்டாம். பிரசாதமாகக் கிளி கிடைத்தவர்கள் வீட்டில் வைத்து எடுக்கலாம். ஒரு தட்டின் விளிம்பில் 36 கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேமரா முக்காலியை விட்டு அசையக் கூடாது, வெளிச்ச அளவை ஆட்டோவில் விடக் கூடாது. விட்டால் ஓட்டும்போது படம் மினுக்கும். கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் வையுங்கள், மென்பொருள் வரிசையாக எடுத்துக்கொள்ளும். 37-வது படம் வேண்டாம், அது முதல் படமேதான், சுற்று முடியும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டும். நொடிக்கு 24 படம் ஓட்டினால் ஒன்றரை நொடியில் சுற்றி முடித்துவிடும், கிளிக்கு அது ரொம்ப வேகம். 12 வைத்தால் மூன்று நொடி, நன்றாக இருக்கும். வீடியோ ஆக்கியபின் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள், முப்பத்தாறையும் தனித்தனியாகவே இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஒரு படத்துக்குப் பத்து நொடி என்றால் மொத்தம் ஆறே நிமிடம். இலை சுருங்க ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடலாம்.