மூட்டையிலிருந்து ரோபோ வரை: சுமப்பவரின் உடலுக்கு யார் பொறுப்பு?

"கிடங்குகளுக்கு ரோபோ வந்துவிட்டது. இனி தொழிலாளியின் முதுகு ஒடியாது" என்று ஒரு பேச்சு பரவலாகக் கேட்கிறது. இது நம் மாவட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடைய பேச்சு. தருமபுரியைக் கடந்து பெங்களூருக்குப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு லாரியிலும் யாரோ சரக்கை ஏற்றுகிறார், யாரோ இறக்குகிறார். நம் சேரிகளிலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கிளம்பும் இளைஞர்களில் பலர் போய்ச் சேரும் வேலை இதுதான்.

அந்த வேலையை வெறும் கூலியாக மட்டும் பார்க்க முடியாது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. சூறையாடப்பட்ட அந்த வீடுகளில் பல, வெளியூர் உழைப்பில் கட்டியவை. ஊர்த்தெருவின் நிலத்தை நம்பாமல் வாழ நமக்குத் திறந்த கதவு வெளியூர் வேலை. அந்த வேலையில் நம் உடல் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது, அதில் இயந்திரம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

மூட்டையிலிருந்து தொடங்குவோம். ஒரு காலத்தில் அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் 100 கிலோ வரை இருந்தன. தலையில் சும்மாடு, கையில் கொக்கி, லாரிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பலகை. லோடுமேனுக்கு இருந்த கருவிகள் இவ்வளவுதான். பலகை வழுக்கினால் கால் போகும். வழுக்காவிட்டாலும் நாற்பது வயதுக்குள் கழுத்தும் இடுப்பும் தேய்ந்துவிடும்.

1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உடல்நலத்துக்குக் கேடு செய்யும் எடையை எந்தத் தொழிலாளியையும் சுமக்க வைக்கக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கூடவே வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை வரம்பாகச் சொன்னது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2010இல், அதாவது 43 ஆண்டுகள் கழித்து. இதற்கிடையில் உணவு தானியத்துக்கு 50 கிலோ சாக்கு வழக்கத்துக்கு வந்திருந்தது. ஒரு இயந்திரமும் வராமலே, சாக்கின் அளவை மாற்றியதால் மட்டுமே, ஒரு நடைக்குத் தூக்கும் சுமை பாதியானது. அப்படியானால் அதற்கு முன் 100 கிலோ என்பதும் யாரோ எடுத்த முடிவுதான். அது இயற்கையின் விதியல்ல.

அடுத்து துறைமுகம். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. மனிதர்கள் முதுகில் இறக்கிய சரக்கை கிரேன் பெட்டியோடு தூக்கத் தொடங்கியது. முதுகுக்கு விடுதலை கிடைத்தது, கூடவே வேலையும் சுருங்கியது. ஆனாலும் துறைமுகத் தொழிலாளிக்கு ஒரு பிடிமானம் இருந்தது. வேலையைப் பதிவு செய்து முறைப்படுத்த 1948லேயே ஒரு சட்டம், பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் 1986இல் இன்னொரு சட்டம். பதிவேட்டில் பெயரும் பின்னால் சங்கமும் இருந்தவர்களோடு நிர்வாகம் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. அதே சரக்கு லாரி ஏறி உள்ளூர் குடோனுக்கு வந்ததும் இறக்கிய தொழிலாளிக்குப் பதிவேடும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை.

துறைமுகத்துக்குக் கிரேன் வந்த நாட்டில் பாதாளச் சாக்கடைக்கு என்ன வந்தது? கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த முதல் சட்டம் 1993இல் வந்தது. இரண்டாவது சட்டம் 2013இல். சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் மேன்ஹோலுக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் சிலர் 'பாண்டிகூட்' என்ற ரோபோவைச் செய்தார்கள். பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. சிலந்திபோல் கால் விரித்துக் குழிக்குள் இறங்கும். கேமராவும் விஷவாயுவைக் கண்டறியும் கருவியும் அதில் உண்டு. ஆள் மேலே நின்றபடி இயக்கலாம். 2018இல் திருவனந்தபுரத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்தது.

நிலவுக்கு விண்கலம் அனுப்பிய நாட்டுக்கு இது செய்யமுடியாத கருவியா? தொழில்நுட்பத்துக்குக் குறைவில்லை. அந்தக் குழிக்குள் இறங்குபவர் எந்தச் சாதி என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாருக்கும் அவசரம் இல்லை. சாவுக்கு விலை இல்லாதவரை இயந்திரம்தான் செலவாகத் தெரியும். சட்டமும் வழக்கும் போராட்டமும் அந்தச் சாவை அரசின் கணக்கில் ஏற்றின. அதன் பிறகே கருவிக்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேசினார்கள்.

இப்போது கிடங்கு ரோபோவுக்கு வருவோம். 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபோர்டு வார்ப்பாலை ஒன்றில், அடுக்குகளிலிருந்து பொருள் எடுக்கும் ரோபோவின் கை தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். ரோபோவால் நிகழ்ந்த முதல் சாவாகப் பதிவானது ஒரு சேமிப்பு அடுக்கில்தான் நடந்திருக்கிறது. ஆள் அருகில் வந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. 2015இல் ஹரியானாவின் மானேசரில் ஒரு தொழிற்சாலையிலும் ரோபோவிடம் சிக்கி ஒரு இளம் தொழிலாளி இறந்தார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி.

இன்றைய கிடங்கு ரோபோக்கள் வேறு வகை. 2012இல் அமேசான் 'கிவா' என்ற ரோபோ நிறுவனத்தை வாங்கியது. அலமாரியைத் தேடித் தொழிலாளி நடக்க வேண்டியதில்லை, அலமாரியே அவரிடம் வரும். நடையும் தூக்குவதும் குறைவது உண்மை. ஆனால் ரோபோ நிற்காமல் வந்துகொண்டே இருப்பதால் ஒரு மணி நேரத்தில் எடுக்க வேண்டிய பொருள்களின் இலக்கு பல மடங்கு கூடியது. ஒரே இடத்தில் நின்று அதே தோளை, அதே மணிக்கட்டை நாள் முழுக்கத் திருப்ப வேண்டும். 2016 முதல் 2019 வரையிலான அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை 'ரிவீல்' என்ற செய்தி நிறுவனம் 2020இல் வெளியிட்டது. ரோபோ இல்லாத கிடங்குகளைவிட ரோபோ உள்ள கிடங்குகளில் கடுமையான காயங்களின் விகிதம் 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்று அது காட்டியது. ரோபோக்கள் பாதுகாப்பையே கூட்டுகின்றன என்று நிறுவனம் மறுத்தது.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் 2019இல் ஃபிளிப்கார்ட் 100க்கும் மேற்பட்ட சிறு ரோபோக்களைப் பார்சல் பிரிக்க இறக்கியது. மணிக்கு 4,500 பார்சல்கள் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அறிவிப்புகளில் முதலில் வருவது எப்போதும் வேகம்தான். 2024 கோடை வெயிலில் மானேசரின் அமேசான் கிடங்கில், லாரிகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போவதில்லை என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கிய செய்தி வெளியானது. தேசிய மனித உரிமை ஆணையம் ஒன்றிய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இப்படி நடக்கக் கூடாது என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. உலகில் மிக அதிகமான ரோபோக்களை வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்று அது.

அப்படியானால் நாம் இயந்திரத்தை எதிர்க்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு அம்பேத்கர் 1945லேயே பதில் எழுதிவிட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். இயந்திரமே தீமை என்ற காந்தியின் பார்வையை அவர் ஏற்கவில்லை. விலங்குபோல் உழைப்பதிலிருந்து மனிதனை மீட்டு, படிக்கவும் சிந்திக்கவும் ஓய்வு தரக்கூடியது இயந்திரம்தான் என்றார். அதன் பலனைச் சிலர் மட்டும் அள்ளிக்கொண்டால் குற்றம் சமூக அமைப்பில் இருக்கிறது, மாற்ற வேண்டியதும் அதைத்தான் என்பது அவர் வாதம். கைத்தொழிலும் உடலுழைப்பும் புனிதம் என்று பாடுவது அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு எளிது.

ஆகவே ரோபோ வரட்டும். வரும்போது நாம் கேட்க வேண்டியவை உண்டு. வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள், அதில் தொழிலாளிக்குப் பேச்சுரிமை உண்டா? காயம்பட்டால் அது எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? ரோபோவை இயக்கும் பயிற்சி, இதுவரை சுமந்தவருக்கா, புதிதாக வரும் வேறு ஒருவருக்கா? அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி பொறுப்பா, ஒப்பந்தக்காரரா?

கடைசிக் கேள்வி இப்போது இன்னும் கடினமாகியிருக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான். பழைய சட்டத்தில் அந்த எண்ணிக்கை 20. துறைமுகத் தொழிலாளர்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்குள் கரைந்துவிட்டது. 49 பேரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரர் இனி அந்த விதிகளுக்கு வெளியே நிற்பார்.

மாணவத் தோழர்களே, உங்கள் காலனியிலிருந்து குடோன் வேலைக்குப் போகும் அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், எங்கே அடிபட்டது, யார் மருத்துவச் செலவு கொடுத்தார்கள் என்று எழுதி வையுங்கள். துறைமுகத் தொழிலாளிக்குப் பதிவேடு இருந்தது, நமக்கு இல்லை. அதை நாம்தான் தொடங்க வேண்டும்.

ஜெய்பீம்.