சுங்கமில்லாத் துறைமுகத்தில் அரசின் கை: ஹாங்காங்கின் சேவை வணிகம்

பொருளியல் வகுப்பறையில் ஹாங்காங்கின் பெயர் வந்தாலே, அரசு ஒதுங்கி நின்றதால் செழித்த ஊர் என்ற சித்திரமும் கூடவே வந்துவிடுகிறது. 1841இல் ஆங்கிலேயர் அதைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார்கள். 1997க்குப் பிறகும் அடிப்படைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அந்த நிலையைக் காத்து நிற்கிறது. இன்றும் மதுபானம், புகையிலை, எரிஎண்ணெய், மெத்தில் ஆல்கஹால் ஆகிய நான்கு வகைகளுக்கு மட்டுமே தீர்வை உண்டு. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் சுங்கம் இல்லை என்பதிலிருந்து ஆதரவும் இல்லை என்ற முடிவுக்குத் தாவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுங்கச் சுவர் எழுப்ப முடியாத அரசு, வணிகருக்குக் கைகொடுக்க வேறு வழிகளைத் தேட வேண்டியிருந்தது. அவ்வழிகள் நமக்குப் பழகிய மானியம் போலத் தோன்றாததால் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன.

இதற்கு 1966ஆம் ஆண்டே நல்ல சான்று. அப்போது நிதிச் செயலராக இருந்தவர் ஜான் கௌபர்த்வெயிட். தேசிய வருமானப் புள்ளிவிவரம் திரட்டினால் அதைக் காட்டியே அதிகாரிகள் பொருளாதாரத்தில் தலையிடத் தொடங்குவார்கள் என்று அஞ்சி, அதைத் திரட்டவே தயங்கியவர். அவர் காலத்தில்தான் வணிக வளர்ச்சி மன்றமும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டுக் கழகமும் சட்டத்தின் வழியே பிறந்தன. ஏற்றுமதி, இறக்குமதி அறிவிப்புப் படிவங்களின் மேல் சரக்கின் மதிப்பை ஒட்டி வாங்கிய சிறு கட்டணம் மன்றத்தைத் தாங்கியது. வணிகர் எல்லோரிடமும் சிறிது சிறிதாகத் திரட்டி, தனி வணிகரால் செய்ய முடியாததைச் செய்வது அதன் முறை: வெளிநாடுகளில் அலுவலகம், சந்தைத் தகவல், கண்காட்சி. கடலுக்கு அப்பால் இருக்கும் வாங்குபவர் திவாலானாலோ, அவர் நாட்டில் போர் மூண்டாலோ விற்றவருக்கு வரும் இழப்பின் பெரும்பகுதியைக் காப்பீட்டுக் கழகம் ஏற்றது. அதன் பொறுப்புகளுக்கு அரசின் உத்தரவாதம் உண்டு. ‘ஆக்கபூர்வத் தலையிடாமை’ என்ற சொற்றொடரை அடுத்து வந்த பிலிப் ஹாடன்-கேவ் உருவாக்கியபோது இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் ஏற்கெனவே சில ஆண்டு வயதாகியிருந்தது.

காயல்பட்டினத்திலிருந்து போய் ஹாங்காங்கில் ரத்தினக்கல் வணிகம் செய்வோரை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் கொண்டுவரும் கல்லுக்குச் சுங்கம் கிடையாது. கல்லோடு வாங்குபவரும் வந்து சேர வேண்டுமே! உலகெங்குமிருந்து வாங்குவோரை ஓரிடத்தில் கூட்டும் நகைக் கண்காட்சிகளை மன்றம் நடத்துகிறது. இந்த ஏற்பாடு சிறு வணிகருக்குப் பெரிய சுங்க விலக்கையும் விட மேலானது.

இக்கருவிகள் எல்லாம் சரக்கை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இன்றோ ஹாங்காங்கின் உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் சேவைத் துறையிலிருந்து வருகிறது. கணக்காளரின் அறிக்கையோ கட்டடக் கலைஞரின் வரைபடமோ கப்பலில் ஏறுவதில்லை. அதற்கு அறிவிப்புப் படிவமும் இல்லை. அதன் தடை எதிர்க்கரையின் உரிமச் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தடையைப் பேச்சுவார்த்தையால் மட்டுமே தளர்த்த முடியும், பேசும் தகுதி அரசுக்கே உண்டு. 2003இல் சீனப் பெருநிலத்துடன் கையெழுத்தான நெருங்கிய பொருளாதாரக் கூட்டுறவு உடன்பாட்டை இந்தக் கோணத்தில்தான் படிக்க வேண்டும். ஹாங்காங்கில் நடுவர் மன்றம் வழங்கும் தீர்ப்பைப் பெருநிலத்தில் நிறைவேற்ற 1999இல் செய்த ஏற்பாடும் அவ்வகையே. சட்டத் தொழிலுக்கு அது தந்த பலத்தை எந்த ரொக்க உதவியும் தந்திருக்காது.

இனி நிலத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு மிகுந்த மனக்குறை. ஒரு தேவாலயத்தின் மனையைத் தவிர ஹாங்காங்கின் நிலம் முழுவதும் அரசுக்கே சொந்தம். மற்றவர் வைத்திருப்பது குத்தகை உரிமை மட்டுமே. குத்தகைக்கு விடும்போது பெறும் பெருந்தொகை அரசின் வருவாயைத் தாங்குவதால்தான் நிறுவன லாப வரியை 16.5 சதவீதத்தில் வைக்க முடிகிறது. 1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்தபின் தொடங்கிய பொதுக் குடியிருப்பில் இன்று மக்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். கடைச் சிப்பந்தியும் உணவக ஊழியரும் தங்கள் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடிவது இதனால்தான். ஆகவே இதையும் சேவைத் துறைக்கான ஆதரவாகவே எண்ணுகிறேன். அந்தத் துறையின் பெயரில் யாரும் இதைக் கணக்கெழுதுவதில்லை.

அதே நிலக் கொள்கை சிறு அலுவலகத்தின் வாடகையை உயர்த்திவிடுகிறது. கிடங்கும் எந்திரமும் இல்லாத சேவை நிறுவனத்துக்குச் சம்பளத்தோடு வாடகையும்தான் பெருஞ்செலவு. 2001 முதல் சிறு, நடுத்தர நிறுவனங்களின் வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்துவருகிறது. அடகு வைக்க எந்திரமில்லாத நிறுவனத்துக்கு அது அவசியமான உதவி. ஆயினும் அந்தக் கடனின் ஒரு பங்கு மாதம் பிறந்ததும் வாடகையாகக் கட்டட உரிமையாளரிடம் போய்விடுகிறது. கட்டட உரிமையாளரோ அதற்குமுன்பே அரசுக்கு நிலத்தொகை கட்டியவர். சேவை வணிகத்துக்கு அரசு தரும் ஆதரவை அளக்கப் புகும் ஆய்வாளர், கடன் உத்தரவாதத்தையும் நிலவருவாயையும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்களில் எழுதிப் பார்க்க வேண்டும்.