ஆளிலிருந்து பொறிக்கு: ‘கம்ப்யூட்டர்’ என்ற பணிப்பெயரின் பொருள்மாற்றம்

ஆங்கில வினைச்சொல்லோடு ‘அர்’ விகுதி சேரும்போது அது செயலைச் செய்யும் ஆளையும் குறிக்கலாம், கருவியையும் குறிக்கலாம். தமிழில் வினைமுற்று திணையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில வினைமுற்றுக்கு அந்தக் கடப்பாடு இல்லை. ‘கம்ப்யூட்டர்’, ‘டைப்ரைட்டர்’, ‘பிரிண்டர்’ ஆகிய மூன்றும் இப்படி ஆளுக்கும் பொறிக்கும் பொதுவாக வழங்கிய சொற்களே. எனினும் அவை சென்ற வழிகள் வேறு. ‘கம்ப்யூட்டர்’ பொறியின் பெயரானதற்குப் பொறியின் வருகை மட்டும் காரணமன்று. அதற்கு முன்பே கணக்கிடும் வேலை துண்டுதுண்டாகப் பகுக்கப்பட்டிருந்ததும் காரணம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இச்சொல்லின் பழைய ஆட்சியாக அறியப்படுவது 1613இல் வெளிவந்த ரிச்சர்ட் பிராத்வெயிட்டின் நூலில் உள்ளது. அங்கே அது காலத்தைக் கணக்கிடும் மனிதரைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் அது கூலி வேலையின் பெயராயிற்று. பிரிட்டனின் அரச வானியலர் நெவில் மாஸ்கெலின், 1767ஆம் ஆண்டுக்கான ‘நாட்டிக்கல் அல்மனாக்’ தொடங்கி, மாலுமிகளுக்கு வேண்டிய நிலவின் இருப்பிடங்களைக் கணக்கிட ஆட்களை அமர்த்தினார். அவர்கள் தத்தம் வீட்டிலிருந்தபடி, கொடுத்த விதிகளின்படி கணக்கிட்டு அனுப்பினர். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே போட, மூன்றாமவர் ஒப்பிட்டுப் பார்த்தார். லட்லோ ஊரின் மேரி எட்வர்ட்ஸ் அப்படி உழைத்தவர்களுள் ஒருவர்.

1790களில் பிரான்சின் கஸ்பார் த புரோனி, ஆடம் ஸ்மித்தின் வேலைப்பிரிவினைக் கருத்தை மடக்கை அட்டவணைகளுக்குப் பொருத்தினார். சூத்திரம் வகுப்போர் சிலர். கடைசி அடுக்கினருக்குக் கூட்டலும் கழித்தலும் மட்டுமே. அந்த அடுக்கின் வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம் என்று கண்டவர் சார்லஸ் பாபேஜ்.

ஆயினும் பணிப்பெயர் எப்போதும் வேலையின் தரத்தைக் காட்டவில்லை. 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையில், 1831இல் சேர்ந்தவர் வங்காளக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தர். பின்னாளில் தலைமைக் கம்ப்யூட்டரானார். எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என 1856இல் வெளியானதற்குப் பின்னிருந்த கணக்கீட்டில் அவருக்குப் பெரும்பங்குண்டு. கூட்டல் மட்டும் செய்தவருக்கும் அவருக்கும் பெயர் ஒன்றே.

1936இல் ஆலன் டூரிங் தம் ஆய்வுரையில் ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதியபோதும் தாளும் பென்சிலும் கொண்ட மனிதரையே கருதினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அமெரிக்காவின் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் பெண்களைக் கொண்ட கணக்கீட்டுக் குழு தொடங்கியது. 1946இல் உலகறிந்த எனியாக் பொறியோ தன் முழுப்பெயரிலேயே இச்சொல்லைத் தாங்கியது. அதை இயக்க நிரல் அமைத்த ஆறு பெண்கள் முன்னர் ‘கம்ப்யூட்டர்’ பணியில் இருந்தவர்களே.

‘டைப்ரைட்டர்’ இதற்கு எதிர்த்திசையில் சென்றது. முதலில் பொறியின் பெயர். பிறகு அதில் தட்டச்சு செய்தவரையும் குறித்தது. ‘டைப்பிஸ்ட்’ பரவியதும் பொறிக்கே திரும்பியது. ஆளுக்கென்று வேறு பெயர் கிடைத்ததற்கு வேலை பொறியோடு தொடர்ந்ததே காரணம். ‘பிரிண்டர்’ அச்சகத்தாரையும் அச்சுப்பொறியையும் இன்றும் சேர்த்தே குறிக்கிறது, அத்தொழில் அழியவில்லை. கணக்கிடுவோருக்கோ வேலையே போயிற்று. பெயரை மீட்க ஆளில்லை.

அடைமொழிகள் இடம்மாறியதே இதற்குச் சான்று. 1940களில் பொறியைச் சுட்ட ‘எலக்ட்ரானிக்’ என்ற அடைமொழி வேண்டியிருந்தது. இன்று மனிதரைச் சுட்டத்தான் ‘ஹியூமன் கம்ப்யூட்டர்’ என்று அடைகொடுக்க வேண்டியிருக்கிறது.