ஒன்று இரண்டாதல்

புதுவையில் பிரெஞ்சு அரசு 1823-இல் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மர் தன் வரலாற்றை அதிலிருந்தே எண்ணுகிறது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதைப் பிரெஞ்சு மருத்துவம் ‘திப்ளோப்பி’ என்னும். ஆங்கிலவழி பயின்றோர்க்கு அது ‘டிப்ளோபியா’. கிரேக்கத்தில் ‘திப்ளோஸ்’ இரட்டை, ‘ஓப்ஸ்’ கண். (மருத்துவர் அறைச் சுவரில் தொங்கும் ‘டிப்ளோமா’வும் இந்த இரட்டையின் உறவுதான், இரண்டாக மடித்த ஏடு என்பது அதன் பழம்பொருள்.)

வேர் கிரேக்கம் என்பதால் சொல்லும் அவ்வளவு பழையது என்று கருதலாகாது. அது பிற்கால ஐரோப்பிய மருத்துவர்கள் ஆக்கிக்கொண்டது. மொம்பெலியே நகரப் பேராசிரியர் புவாசியே த சொவாழ் 1763-இல் வெளியிட்ட இலத்தீன் நோய்ப் பகுப்பு நூலில் இச்சொல்லைக் காண்கிறோம். அதை அவர் வைத்த இடம்தான் வியப்பு: உள்ளக் கோளாறுகளுள், பொய்த்தோற்றங்கள் என்னும் பிரிவில், துயிலில் நடப்பதற்கு அண்டையில்! சுசுருத சங்கிதையோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ‘திமிரம்’ என்னும் கண்ணோயைக் கூறுமிடத்தில், ஒன்றை இரண்டாகக் காண்பதற்கு விழியினுள் குற்றம் தங்கும் இடத்தைக் காரணமாக்கியிருந்தது.

மணிமேகலை அளவைக் குற்றங்களுள் ஒன்றாகத் ‘திரியக்கோடல்’ என்பதைச் சொல்லும். இப்பியை வெள்ளியெனக் கொள்வது அது. இரு நிலவு காண்பவன் அவ்வாறு ஏமாறுவதில்லை. நிலவு ஒன்றே என்பதை அவன் நன்கறிவான். அறிந்தும் இரண்டு தெரிகின்றன. வடமொழித் தருக்க நூலார்க்கும் இந்த இருநிலவுக் காட்சி விருப்பமான எடுத்துக்காட்டு.

மதுக்கடைகளுக்குப் பேர்போன நம் ஊரில், ‘எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். நீரிழிவால் விழியசைக்கும் நரம்பு தளர்ந்தவரும், பக்கவாதத்தின் வாயிலில் நிற்பவரும் அதே தொடரைத்தான் சொல்கிறார்கள். சொவாழ் உள்ளத்தில் ஏற்றியதை நாம் குப்பியில் ஏற்றுகிறோம். நோயாளியை நம்பாமை இரண்டிலும் ஒன்றே.

ஆதலால் ‘இரட்டைத் தோற்றம்’ என்பதைவிட, வழக்கிலுள்ள ‘இரட்டைப் பார்வை’யே நமக்கு ஏற்புடையது. தோற்றம் என்றதும் பொய்த்தோற்றம் நினைவில் எழும். பார்வை கண்ணைச் சுட்டும். ஆயினும் எந்தக் கண் என்பதை அச்சொல் சொல்லாது. ஒரு கண்ணைப் பொத்தினால் இரண்டு ஒன்றாகிவிடுமானால், இரு விழிகளும் ஒரே நேர்க்கோட்டில் இணங்கவில்லை. நரம்பையும் தசையையும் ஆராய வேண்டும். பொத்திய பின்னும் இரண்டு எஞ்சுமானால், பெரும்பாலும் திறந்திருக்கும் கண்ணின் ஆடியிலோ கருவிழிப் படலத்திலோ கோளாறு. புரையும் அதற்குக் காரணமாகலாம்.